வயது ஏறிய பிறகு பைப் ஆர்கன் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைப் ஆர்கன் மீது ஆசை வரும் பெரியவர்களில் சிலர் சின்ன வயதில் பியானோ கற்று நடுவில் விட்டவர்கள். சிலர் இன்னும் நன்றாகவே பியானோ வாசிப்பவர்கள். இதுவரை எந்த வாத்தியத்தையும் தொடாதவர்களும் உண்டு. மூன்று தரப்பினரும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம். அழுத்தத்தோடு தேக்கி வைத்த காற்று, கட்டையை அழுத்தியதும் வால்வு வழியாகக் குழலுக்குள் போய் ஒலிக்கிறது. கைகளுக்கு ஒன்றோ அதற்கு மேலோ விசைப்பலகைகள் இருக்கும். அவற்றை மேனுவல் என்பார்கள். கால்களுக்குத் தனியாக ஒரு பெடல் பலகை. எந்தக் குழல் வரிசை ஒலிக்க வேண்டும் என்பதை ஸ்டாப் என்ற குமிழ்களை இழுத்துத் தீர்மானிக்கிறோம்.

அறுபது வயதில் தொடங்கினால் தேறுமா?

தேறும். ஆனால் எதில் தேற வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. எட்டு வயதில் தொடங்கியவரின் விரல் வேகம் அறுபதில் தொடங்குபவருக்கு வராது. அதைத் துரத்தினால் சலிப்புதான் மிஞ்சும். நான்கு குரல் (ஒன்றாக ஓடும் நான்கு பாட்டு வரிகள்) கொண்ட ஒரு பாமாலையை, அதாவது ஆலயத்தில் கூடிப் பாடும் பாட்டை, பெடலோடு சேர்த்து ஒழுங்காக வாசிப்பது, இரண்டு பக்க முன்னிசை ஒன்றைத் தடுமாறாமல் முடிப்பது, ஒரு கூட்டத்தைப் பாட வைப்பது ஆகியவை நிச்சயம் எட்டக்கூடிய தூரத்தில் இருப்பவை. சொல்லப்போனால் உலகில் வாசிக்கப்படும் ஆர்கன் இசையில் பெரும்பகுதி இதுதான்.

வயதானவர்களுக்கு இந்த வாத்தியத்தில் ஒரு சலுகையும் இருக்கிறது. விரலின் பலத்தைப் பொறுத்து ஒலி கூடவோ குறையவோ செய்யாது. மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் குழலுக்குள் போகும் காற்று ஒன்றுதான். பாரிஸின் சான் சுல்பீஸ் ஆலயத்தில் 1870இல் தன் 25ஆம் வயதில் ஆர்கனிஸ்டாகச் சேர்ந்த ஷார்ல் மரி விதோர், 89 வயதில்தான் அந்தப் பெஞ்சை விட்டு எழுந்தார். அவர் சிறுவயது முதல் வாசித்தவர், ஆகவே தாமதமாகத் தொடங்குபவருக்கு அவர் முன்மாதிரி ஆக மாட்டார். ஆனால் வயதான உடம்பை ஆர்கன் துரத்திவிடாது என்பதற்கு அவரைச் சொல்லலாம்.

உண்மையான தடை வயதல்ல. வாத்தியம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதுதான். அதற்குத் தனிக் கேள்வியே கீழே இருக்கிறது.

பியானோ தெரியாது. நேரடியாக ஆர்கனிலேயே தொடங்கலாமா?

தொடங்கலாம். பல ஆசிரியர்கள் முதலில் ஓரளவு பியானோ கற்றுவிட்டு வரச் சொல்வார்கள். குழந்தைகளுக்கு அது நல்ல யோசனை. நேரத்தை எண்ணிச் செலவிடும் வயதில் இருப்பவரை, அவர் ஆசைப்படாத வாத்தியத்தில் மூன்று வருடம் உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கால்களை மறந்துவிட்டு மேனுவலில் மட்டும் வாசிக்கும் எளிய இரண்டு குரல் இசையில் தொடங்கலாம். இசைக்குறிப்பு வாசிக்கும் பழக்கமும் கூடவே வளரும். ஆர்கன் இசையை மூன்று வரிகளில் எழுதுவார்கள், அடிவரி கால்களுக்கு. மூன்றையும் சேர்த்துப் பார்க்கக் கண் பழகுவதற்குத்தான் கூடுதல் காலம் பிடிக்கும்.

மின்னணுக் கீபோர்டில் இடது கையால் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை) அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் பாட்டை வாசித்துப் பழகியவர்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆர்கனில் இடது கைக்கும் தனிப் பாட்டு உண்டு.

பியானோ நன்றாகவே வாசிப்பேன். அப்படியானால் எளிதுதானே?

பாதி எளிது. மீதிப் பாதியில் பியானோப் பழக்கமே குறுக்கே நிற்கும்.

பியானோவில் ஒரு சுரத்தை அடித்ததும் அது தானாகத் தேய ஆரம்பிக்கிறது. விரலைச் சற்றுத் தாமதமாக எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. ஆர்கனில் அப்படியில்லை. கட்டை கீழே இருக்கும்வரை ஒலி துளியும் குறையாமல் அப்படியே நிற்கும். ஜெர்மனியின் ஹால்பர்ஷ்டாட் நகரில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் ஓர் ஆர்கன் படைப்பை 2001இல் தொடங்கி 639 ஆண்டுகளுக்கு நீட்டி ஒலிக்க விட்டிருக்கிறார்கள். கட்டையை எடை வைத்து அழுத்தினால் போதும், சுரம் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பதால்தான் அப்படி ஒரு ஏற்பாடு சாத்தியமாகிறது. ஆக, ஒரு சுரத்தை எப்போது தொடங்குகிறோம் என்பது எவ்வளவு முக்கியமோ, எப்போது விடுகிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம். நல்ல பியானோக்காரர்கள் ஆர்கனில் முதலில் உட்காரும்போது கலங்கலாகக் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் தப்பான சுரம் அல்ல, தாமதமாக எடுத்த விரல்.

அடுத்து, சுரங்களை ஒட்ட வைக்கும் வலது கால் பெடல் இங்கே கிடையாது. ஒன்றோடொன்று இழைந்து வர வேண்டுமென்றால் விரல்களே அதைச் செய்ய வேண்டும். ஒரு கட்டையை நடுவிரலால் பிடித்திருக்கும்போதே சத்தமில்லாமல் சுண்டுவிரலை அதே கட்டைக்குக் கொண்டுவந்து, நடுவிரலை அடுத்த கட்டைக்கு விடுவிப்பது அன்றாட வேலை. கட்டைவிரலை ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குச் சறுக்குவது இன்னொரு உத்தி. இவற்றைத் தனியாக எடுத்து, ஒரே ஒரு ஸ்கேலில், ஆமை வேகத்தில் செய்து பார்க்க வேண்டும்.

அழுத்தம் கொடுத்து ஒரு சுரத்தைத் தூக்கிக் காட்ட முடியாது என்பதால், அதற்கு முந்தைய சுரத்தைக் கொஞ்சம் சீக்கிரம் விடுவார்கள். அந்த நூலிழை இடைவெளிக்குப் பிறகு வரும் சுரம் காதுக்கு அழுத்தமாகப் படும். ஒரே சுரம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தாலும் இதே கணக்குதான்: முதல் சுரத்தின் கால அளவில் கடைசிப் பாதியையோ கால் பங்கையோ மௌனமாக்கிவிட்டு இரண்டாவதை வாசிக்க வேண்டும். எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்து, ஒவ்வொரு முறையும் அதே அளவு வெட்டுவதுதான் பயிற்சி. மனம்போன போக்கில் வெட்டினால் திக்கிப் பேசுவது போல இருக்கும்.

கையும் காலும் ஒன்றுக்கொன்று கேட்க மாட்டேன் என்கின்றன. என்ன செய்வது?

எல்லோருக்கும் அப்படித்தான். அதிலும் சிக்கல் காலில் இல்லை, இடது கையில். அடித்தளச் சுரங்களை வாசிப்பது இடது கையின் வேலை என்று மூளை வெகுகாலமாக நம்பி வந்திருக்கிறது. அந்த வேலையைக் காலுக்குக் கொடுத்ததும், கால் போகும் திசையிலேயே இடது கையும் ஓட ஆரம்பிக்கிறது. கால் கீழே இறங்கினால் கையும் இறங்கும்.

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது, அதைவிட நல்லது எதுவும் கண்டுபிடிக்கப்பட்டதாகத் தெரியவில்லை. முதலில் பெடல் மட்டும். பிறகு இடது கையும் பெடலும். பிறகு வலது கையும் பெடலும். அப்புறம் இரண்டு கைகள் மட்டும். கடைசியில்தான் மூன்றும். இதில் இடது கை, பெடல் சேர்க்கைக்கு மற்ற எல்லாவற்றையும் சேர்த்ததைவிட அதிக நேரம் கொடுங்கள். முழுப் பாட்டையும் இப்படிச் செய்ய வேண்டாம். இரண்டு, நான்கு தாள அளவுகளாக (பார்) எடுத்துக்கொண்டு செய்யுங்கள். வேகம் எவ்வளவு என்று கேட்டால், தப்பே வராத வேகம். அது அவமானப்படும் அளவுக்கு மெதுவாக இருக்கலாம். இருக்கட்டும்.

ஒரு பாட்டை ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கற்பதில் உச்சத்துக்குப் போனவர் ஜெர்மன் ஆர்கனிஸ்ட் ஹெல்முட் வால்கா. பதின்ம வயதிலேயே பார்வையை இழந்த அவர், பிறர் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாசித்துக் காட்ட, அவற்றை மனத்திலேயே சேர்த்து, ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் ஆர்கன் படைப்புகளை வாசித்தார். நமக்கு அந்த நினைவாற்றல் இல்லாவிட்டாலும் வழி அதுதான். பெடல் வரியைப் பாடிக்கொண்டே இரண்டு கைகளையும் வாசித்துப் பாருங்கள். பாட முடிந்த வரியைக் கால் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

காலைப் பார்க்காமல் பெடலை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெடல் பலகையில் பெரும்பாலும் 30 அல்லது 32 கட்டைகள் இருக்கும். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று கூட்டமாக நிற்கின்றன அல்லவா, அந்தக் கூட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகள்தான் அடையாளக்கல். பி ஃப்ளாட்டுக்கும் சி ஷார்ப்புக்கும் நடுவே ஒன்று, இ ஃப்ளாட்டுக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவே இன்னொன்று. கால் நுனியால் அந்த இடைவெளியைத் தடவி உணர்ந்து, அங்கிருந்து வேண்டிய கட்டைக்குப் போவது ஆரம்பப் பயிற்சி. நாளாக நாளாக, தடவுவது குறைந்து தூரம் உடம்பிலேயே பதிந்துவிடும்.

பாதத்தின் முழு அகலத்தால் மிதிக்கக் கூடாது. பெருவிரல் பக்கத்து உள்விளிம்பால் தொட வேண்டும். அசைவு கணுக்காலில் இருக்க வேண்டும், தொடையைத் தூக்கி இறக்கக் கூடாது. சிறிய இடைவெளிகளுக்கு முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டால், இரண்டு பாதங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை வைத்தே சுரத்தை அளக்கலாம். குதிகால் அவசரமில்லை. பாக் வாழ்ந்த பரோக் கால இசையில் பெரும்பகுதியைக் கால்விரல் நுனிகளை மாற்றி மாற்றி வைத்தே வாசித்துவிடலாம். இழைந்து வரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இசைக்குப் போகும்போது குதிகால் அவசியமாகும்.

குனிந்து பார்ப்பது பெரிய குற்றமில்லை. ஆனால் பார்த்துவிட்டு நிமிரும்போது நோட்டில் எந்த வரியில் இருந்தோம் என்று தேட வேண்டியிருக்கும். அந்தத் தொல்லைக்காகவே பார்க்காமல் பழகுவது லாபம்.

தனியாக ஆர்கன் ஷூ வாங்கத்தான் வேண்டுமா?

ஆமாம். ஆடம்பரம் என்று நினைத்து இதைத் தள்ளிப் போடுபவர்கள் உண்டு. மெல்லிய அடிப்பகுதி, ஒடுங்கிய முனை, சுமார் 3 சென்டிமீட்டர் குதி, சறுக்கிப் போகக்கூடிய தோல் அடி: இவைதான் தேவை. இதே அளவில் சாதாரண நடன ஷூ கிடைத்தாலும் சரி. ரப்பர் அடி வேண்டவே வேண்டாம், கட்டையில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஷூவோடு தெருவில் நடக்காதீர்கள். ஒட்டிக்கொண்டு வரும் மணல் பெடல் மரத்தைத் தேய்த்துவிடும்.

முதுகு, மூட்டு, கண், காது... இவையெல்லாம் ஒத்துழைக்குமா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மற்ற கேள்விகளைவிட இதற்கு அதிக இடம் தேவை.

பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரு விஷயம் புரியும்: கால்கள் தரையில் ஊன்றவில்லை. அவை பெடல்மேல் மிதக்கின்றன. உடம்பின் எடை முழுவதும் இருக்கையிலும், அதைத் தாங்கும் வயிறு, கீழ்முதுகுத் தசைகளிலும் விழுகிறது. ஆரம்ப நாட்களில் வலிப்பது விரலல்ல, இடுப்பு. பெஞ்சின் உயரத்தை அடியில் மரத்துண்டுகள் வைத்தோ திருகியோ சரிசெய்ய வேண்டும். பாதம் பெடலை லேசாகத் தொட வேண்டும், ஆனால் அதன் எடையால் எந்தச் சுரமும் ஒலிக்கக் கூடாது. அதுதான் சரியான உயரம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்துவிட்டு வாருங்கள். இறங்கும்போது பெடல்மேல் மிதித்து நிற்காதீர்கள், வழுக்கும். இடுப்பு மூட்டு அல்லது முழங்கால் அறுவை செய்தவர்கள், பக்கவாட்டில் காலை நீட்டும் அசைவு எவ்வளவு தூரம் அனுமதிக்கப்பட்டது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. உச்சச் சுரத்துக்கும் அடிச் சுரத்துக்கும் போகும்போது இடுப்பு நன்றாகவே திரும்பும்.

விரல் மூட்டில் வீக்கம் உள்ளவர்களுக்கு மின்சார இணைப்பு கொண்ட ஆர்கன் ஏற்றது. கட்டை இலேசாக இருக்கும். டிராக்கர் எனப்படும் இயந்திர இணைப்பில் விரல்தான் மரக்குச்சிகள் வழியாக வால்வை இழுத்துத் திறக்கிறது. இரண்டு மேனுவல்களைக் கப்ளர் போட்டு இணைத்தால் இரண்டின் பளுவும் சேர்ந்து விரலில் ஏறும். அப்படிப்பட்ட ஆர்கனில் கப்ளர் இல்லாமல் வாசித்தாலே பாதித் தொல்லை தீரும். அதே டிராக்கரில் வால்வு திறக்கும் கணத்தை விரல் உணர முடியும் என்பதால், கை நன்றாக இருப்பவர்களுக்கு அது நல்ல ஆசான்.

கண்ணாடி விஷயத்தில் பலரும் தேவையில்லாமல் கஷ்டப்படுகிறார்கள். புத்தகம் வாசிக்கும் தூரத்துக்கான கண்ணாடி ஆர்கன் நோட்டுக்கு உதவாது; நோட்டு மேனுவல்களுக்கு மேலே, அதைவிடத் தள்ளி இருக்கிறது. இரட்டைக் கண்ணாடியோ புரோகிரஸிவ் கண்ணாடியோ போட்டால், கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்காகத் தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து நோட்டு வரை உள்ள தூரத்தை அளந்துகொண்டு போய், அந்த ஒரே தூரத்துக்கான கண்ணாடி செய்துதரச் சொல்லுங்கள்.

காது இன்னும் சூட்சுமமானது. வயது ஏறும்போது முதலில் மங்குவது உச்ச ஒலிகள். ஆர்கனில் 2 அடி ஸ்டாப்பும் (இந்த எண்ணின் பொருள் கீழே வருகிறது) மிக்ஸ்சர் என்ற உச்சக் கலவையும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. உங்களுக்கு அவை மென்மையாகக் கேட்கும். கூடத்தில் இருப்பவர்களுக்குக் காதைக் குத்தும். ஸ்டாப் தேர்வு செய்யும்போது இளம் காது ஒன்றைக் கூடத்தின் நடுவில் நிறுத்திக் கருத்துக் கேளுங்கள். காதுக்கருவி அணிபவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கருவி தானாக விசிலடிப்பதைத் தடுக்க உள்ளே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அது நீண்டு நிற்கும் குழலோசையையும் விசில் என்று தப்பாக எடுத்துக்கொண்டு நடுங்க வைக்கும், சுருதி பிசகியது போலக் காட்டும். வாத்தியத்தைச் சந்தேகிக்கும் முன், கருவியைப் பொருத்துபவரிடம் இசைக்கென்று தனி அமைப்பு ஒன்று வைத்துத் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் ஆர்கன் இல்லை. பயிற்சிக்கு எங்கே போவது?

நூறு பேரில் ஒருவருக்குக்கூட வீட்டில் குழல் ஆர்கன் இருக்காது. அந்தக் காலத்திலும் இதே கதைதான். மின்சாரக் காற்றூதி வருவதற்கு முன்னால், வாசிப்பவர் ஒருவர் என்றால் பின்னால் துருத்தி மிதிக்க ஆள் வேண்டும். அதனால் ஆர்கனிஸ்டுகள் பெடல் பொருத்திய கிளாவிகார்டு போன்ற சின்ன வாத்தியங்களில் வீட்டில் பழகினார்கள். ஆர்கனிஸ்டாகவும் இருந்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1913இல் ஆப்பிரிக்காவின் லம்பரேனேவுக்கு மருத்துவராகப் போனபோது, பாரிஸ் பாக் சங்கம் அவருக்குப் பெடல் வைத்த பியானோ ஒன்றைப் பரிசாகக் கொடுத்தது. காட்டு நடுவே அதில்தான் அவர் பயிற்சி.

இன்று அந்த இடத்தில் டிஜிட்டல் ஆர்கன் இருக்கிறது. கணினியில் ஓடும் மெய்நிகர் ஆர்கனும் உண்டு: ஒரு நிஜ ஆர்கனின் ஒவ்வொரு குழலையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, கணினியோடு இணைக்கும் மிடி விசைப்பலகையும் பெடல் பலகையும் கொண்டு வாசிக்கும் முறை. வாங்கும்போது ஸ்பீக்கரையும் ஸ்டாப் எண்ணிக்கையையும் பார்த்து மயங்க வேண்டாம். பெடல் பலகை முழு அளவா, நீங்கள் கடைசியில் வாசிக்கப்போகும் ஆர்கனின் பலகையைப் போன்றதா என்று பாருங்கள். சில பலகைகள் தட்டையாக, கட்டைகள் இணையாக இருக்கும். சில குழிவாக, விசிறி போல விரிந்திருக்கும். ஒன்றில் பதிந்த தூரம் மற்றதில் பிசகும்.

நிஜக் குழல்களுக்கு முன் வாரம் ஒரு மணி நேரமாவது கிடைத்தால் பெரிய பாக்கியம். ஆலயங்களைப் பொறுத்தவரை நேரில் போய்க் கேட்பதுதான் ஒரே வழி. பொறுப்பில் இருக்கும் ஆர்கனிஸ்டிடம் முதலில் பேசுங்கள், நிர்வாகத்திடம் அப்புறம். பயிற்சி நேரத்துக்கு ஈடாக அவர் ஊரில் இல்லாத நாளில் எளிய வழிபாட்டுக்கு வாசிப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் கதவு திறக்கும்.

விசையில்லாத பயிற்சியையும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு சுரத்துக்கும் எந்த விரல், எந்தக் கால், நுனியா குதியா என்று மேசையில் உட்கார்ந்து பென்சிலால் எழுதிவிட்டுப் போனால், வாத்தியத்தின் முன் கிடைக்கும் நேரம் வீணாகாது.

இவ்வளவு ஸ்டாப்புகளை எப்படிப் புரிந்துகொள்வது?

எண்ணிலிருந்து தொடங்குங்கள். 8 அடி என்று எழுதியிருந்தால், பியானோவில் அதே கட்டை தரும் சுருதி. அடிச் சுரமான சி கட்டைக்குரிய திறந்த குழல் ஏறக்குறைய 8 அடி நீளம் இருக்கும் என்பதால் அந்தப் பெயர். 4 அடி என்றால் ஓர் ஆக்டேவ் மேலே, 2 அடி அதற்கும் மேலே, 16 அடி ஓர் ஆக்டேவ் கீழே. குழலின் மேல்வாயை மூடிவிட்டால் பாதி நீளத்திலேயே அதே சுருதி வந்துவிடும். இடம் போதாத ஆர்கன்களில் இது பெரிய உதவி. 2⅔ அடி போன்ற பின்னங்களைப் பார்த்து மிரள வேண்டாம். அந்த ஸ்டாப்பில் சி கட்டையை அழுத்தினால் ஓர் ஆக்டேவுக்கு மேலே உள்ள ஜி ஒலிக்கும். தனியாக வாசிப்பதற்கு அல்ல, 8 அடியோடு கலந்து நிறம் மாற்றுவதற்கு.

குடும்பங்கள் நான்கு: ஆர்கனுக்கே உரிய குரலான பிரின்சிபல், மென்மையான ஃபுளூட், மெலிந்து கீறும் ஸ்ட்ரிங், நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் ரீட். பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் பிரின்சிபல் என்பது இங்கிலாந்தில் ஓப்பன் டயபேசன், பிரான்சில் மோந்த்ர். அதுபோக, இங்கிலாந்து ஆர்கனில் பிரின்சிபல் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 4 அடி! ஆகவே பெயரை நம்பாமல் ஒவ்வொன்றாக இழுத்துக் கேட்பதுதான் வழி.

முதல் சில மாதங்களுக்கு 8 அடி ஃபுளூட் ஒன்று போதும். தப்பெல்லாம் அதில் தெளிவாகக் கேட்கும். பிறகு பிரின்சிபல் 8, 4, 2 என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். எல்லா 8 அடிகளையும் ஒன்றாக இழுத்தால் கனம் வரும், தெளிவு போய்விடும். புதிதாக வருபவர்கள் குமிழ்களை அள்ளி அள்ளி இழுப்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்; அந்தச் சந்தோஷத்தை ஒரு நாள் அனுபவித்துவிட்டு, ஒற்றை ஃபுளூட்டுக்குத் திரும்பி வாருங்கள்.

வாசித்ததும் சத்தம் தாமதமாக வருகிறது. குழப்பமாக இருக்கிறதே?

குழல்கள் தள்ளியிருந்தால் அப்படித்தான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 17 மீட்டர் தொலைவில் உள்ள குழலின் ஓசை ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதித்து வரும். போதாக்குறைக்குக் கட்டடத்தின் எதிரொலி. வந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு அடுத்த சுரத்தை வைத்தால், வேகம் ஒவ்வொரு வரியிலும் இறங்கிக்கொண்டே போகும். தாளத்தை உடம்பில் வைத்துக்கொண்டு, சத்தத்தைப் பின்னால் வர விட வேண்டும். எதிரொலி அதிகமான இடத்தில் சுரங்களை இன்னும் சீக்கிரம் விட்டு, மெதுவாக வாசியுங்கள்.

எந்தப் படைப்புகளில் தொடங்கலாம்?

பாமாலைகளில். நான்கு குரல், சின்ன வரிகள், காதுக்குத் தெரிந்த மெட்டு. இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. முதலில் பெடல் இல்லாமல், பிறகு அடிக்குரலைக் காலுக்குக் கொடுத்து. பெடல் இல்லாத கச்சேரி இசை வேண்டுமென்றால் ஜெர்மன் இசையமைப்பாளர் பாகெல்பெல்லின் மக்னிஃபிகாட் ஃபியூக்குகள் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து ஓடும் இசை) இருக்கின்றன, பெரும்பாலானவை கைகளுக்கு மட்டும்.

பெடலோடு முதல் பெரிய அடி வைக்க, பாக்கின் 'ஆர்கல்ப்யூஷ்லைன்' தொகுப்பிலுள்ள, பி.டபிள்யூ.வி. (பாக் படைப்புகளின் பட்டியல்) 639 என்று எண்ணிட்ட எஃப் மைனர் கோரலை (பாமாலை மெட்டின் மேல் எழுதிய ஆர்கன் இசையை) பலரும் எடுக்கிறார்கள். மேலே பாட்டு, நடுவே ஓடும் இடது கை, கீழே நிதானமாக நடக்கும் பெடல் என்று மூன்றே குரல். இது வெறும் மரபு அல்ல. தொடக்க நிலை ஆர்கனிஸ்டுக்கு வழிகாட்டவும் பெடலில் தேர்ச்சி தரவும் எழுதியது என்று பாக்கே அந்தத் தொகுப்பின் முகப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அவருடைய 'தொடக்க நிலை' நம்முடைய தொடக்க நிலை இல்லை. அதே தொகுப்பில் கையும் காலும் பின்னிக்கொள்ளும் பக்கங்கள் ஏராளம்.

பாக்கின் பெயரில் எல்லோருக்கும் தெரிந்த அந்த டி மைனர் டொக்காட்டா? தொடக்கம் பார்ப்பதற்கு வருவதைப் போல இருக்கும். பின்னால் வரும் ஃபியூக்கில் மாட்டிக்கொள்வீர்கள். காத்திருக்கட்டும்.

ஆசிரியர் இல்லாமல் கற்க முடியுமா? தேர்வுகள் எழுத வேண்டுமா?

விரல் பழக்கத்தைக் காணொளி பார்த்து ஓரளவு திருத்திக்கொள்ளலாம். கால் பழக்கத்தை முடியாது. உங்கள் காலை நீங்களே பார்க்க முடியாதே. முதல் வருடமாவது பக்கத்தில் நின்று கணுக்காலைக் கவனிக்கும் ஒருவர் வேண்டும். அவர் உங்கள் பிள்ளை வயதுக்காரராக இருக்கலாம். அதில் சங்கடப்பட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

தேர்வு கட்டாயமில்லை. லண்டனில் 1864இல் தொடங்கிய ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ், 1896இல் தொடங்கிய அமெரிக்கன் கில்ட் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் ஆகியவை சான்றிதழ்த் தேர்வுகள் நடத்துகின்றன. காலக்கெடு இல்லாவிட்டால் நோட்டையே திறக்காத ரகமாக நீங்கள் இருந்தால் மட்டும் சேருங்கள்.

தினமும் எவ்வளவு நேரம்?

தினம் முப்பது நிமிடம், ஞாயிறன்று உட்காரும் மூன்று மணி நேரத்தைவிட நல்லது. களைத்த பிறகு வாசித்தால் கால் தப்பையே கற்றுக்கொள்ளும்.

கூட்டம் பாடும்போது வாசிப்பது பயமாக இருக்கிறது.

தப்பான சுரத்தைக் கூட்டம் மன்னித்துவிடும். தாளம் நின்றால்தான் மன்னிக்காது. ஒரு கை தவறினால் அதை விட்டுவிட்டுப் பெடலையும் மேல் பாட்டையும் பிடித்துக்கொண்டு போங்கள். திரும்பிப் போய்த் திருத்தாதீர்கள். பாடல் வரிகளை மனதுக்குள் பாடிக்கொண்டே வாசித்தால், மூச்சு விடும் இடத்தில் கையும் தானாகக் கட்டையை விடும். அந்த இடைவெளியில்தான் கூட்டமும் மூச்சு எடுக்கும். ஒரு சரணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை தாள அடி இடைவெளி என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, கடைசிவரை அதையே கடைப்பிடியுங்கள். கூட்டம் இழுக்கும், நீங்களும் கூடவே இழுத்தால் கடைசிச் சரணம் நகரவே நகராது.

வாசிக்காமலே ஒரு சுரம் நிற்காமல் ஒலிக்கிறது. நான் எதையாவது உடைத்துவிட்டேனா?

இல்லை. சைஃபர் என்பார்கள். வால்வில் தூசி சிக்கியிருக்கலாம், ஈரத்தில் மரம் உப்பியிருக்கலாம். அந்தக் கட்டையை நாலைந்து முறை தட்டிப் பாருங்கள், பாதிச் சமயம் அதிலேயே சரியாகிவிடும். இல்லாவிட்டால் ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, எதை மூடினால் சத்தம் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த ஸ்டாப்பை விட்டுவிட்டு மற்றவற்றை வைத்து வாசிக்கலாம். குழலைப் பிடுங்கிப் பார்ப்பது, உள்ளே ஏறுவது எல்லாம் வேண்டாம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழல்கள் விரல் பட்டாலே நசுங்கும். பல ஆர்கன்களில் பெஞ்சுக்கு அருகே ஒரு குறிப்பேடு வைத்திருப்பார்கள். எந்த மேனுவல், எந்த ஸ்டாப், எந்தச் சுரம், என்ன தேதி என்று அதில் எழுதிவிட்டுக் காற்றூதியை அணையுங்கள். சுருதி சேர்க்க வருபவர் பார்த்துக்கொள்வார்.